டீக்கடை ரேடியோவும் கைபேசி ரேடியோவும்: அந்த அரை நிமிடம் எங்கே போகிறது?

செக்கானூரணியில் ஒரு டீக்கடை என்று வைத்துக்கொள்வோம். பாய்லருக்கு மேலே பலகையில் இருக்கும் ரேடியோவில் மதுரை வானொலி, 103.3 மெகாஹெர்ட்ஸ். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் நியூஸ் ஆன் ஏர் செயலியில் அதே நிலையத்தைத் திறக்கிறார். கடை ரேடியோவில் தலைப்புச் செய்திகள் முடியப் போகும்போதுதான் அவருடைய கைபேசியில் செய்தியே தொடங்குகிறது. நிலையம் ஒன்று, குரல் ஒன்று, ஆனாலும் நடுவே ஏறக்குறைய அரை நிமிடம். கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

கடை ரேடியோவுக்கு வரும் வழி குறுகியது. நிலையத்துக் குரல் டிரான்ஸ்மிட்டருக்குப் போகிறது, ஏரியலிலிருந்து அலையாகக் கிளம்புகிறது. அலையின் வேகம் விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர். 40 கிலோமீட்டரைக் கடக்க ஒரு விநாடியில் ஏழாயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது. டெல்லியிலிருந்து செயற்கைக்கோள் வழியாக அஞ்சல் செய்தாலும், 36,000 கிலோமீட்டர் ஏறி இறங்கக் கால் விநாடிதான் கூடும்.

இணைய வழியில் அப்படி இல்லை. முதலில் ஒலி எண்களாகிறது. பிறகு சுருக்கப்படுகிறது. சுருக்கிய ஒலியைச் சர்வர் 6 அல்லது 10 விநாடித் துண்டுகளாக வெட்டி வைக்கும். ஒரு துண்டு முழுதாக முடிந்தால்தான் அதை அனுப்ப முடியும். கைபேசியோ ஒரு துண்டு வந்ததும் பாடத் தொடங்குவதில்லை; வழியில் நெட் தடுமாறினால் பாட்டு நிற்கக் கூடாதே என்று மூன்று துண்டுகளையாவது சேர்த்து வைத்துக்கொள்ளும். மூன்று பத்து முப்பது. அந்த அரை நிமிடம் போகும் இடம் இதுதான். ஆகவே செயலியில் வரும் நேர அறிவிப்பைக் கேட்டுக் கடிகாரத்தைத் திருத்தக் கூடாது. டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டுச் செயலியில் கிரிக்கெட் வர்ணனை கேட்டாலும் படமும் சொல்லும் பெரும்பாலும் ஒத்துப்போகாது.

சுருக்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிடி தரத்தில் ஒரு விநாடி ஒலிக்கு ஏறக்குறைய 14 லட்சம் பிட்டுகள் வேண்டும். இணைய வானொலி அதை 64 ஆயிரத்தில் முடிக்கிறது, அதாவது இருபத்திரண்டில் ஒரு பங்கு. நம் காதின் இயல்பைப் பயன்படுத்திக்கொள்வதால்தான் இது முடிகிறது. தவிலில் ஓங்கி ஓர் அடி விழும்போது, அதே கணத்தில் அதை ஒட்டிய சுருதியில் வரும் மெல்லிய ஒலிகள் காதில் ஏறாது. ஏறாததை எதற்கு அனுப்ப வேண்டும் என்று மென்பொருள் அவற்றை விட்டுவிடுகிறது. பேச்சுக்கு 32 ஆயிரம் பிட்டே தாராளம். நாதஸ்வரக் கச்சேரியை அந்த அளவுக்கு இறுக்கினால் முதலில் அடிபடுவது கைத்தாளம்: 'கிண்' என்று நீண்டு ஓய வேண்டிய வெண்கல ஒலி, தண்ணீர் சலசலப்பதுபோல் கலைந்து கேட்கும். 103.3 போன்ற பண்பலை (எஃப்எம்) 15 கிலோஹெர்ட்ஸ் வரை ஒலியைச் சுமப்பதால் தாளத்தின் கூர்மை அதில் நன்றாகவே நிற்கும். மத்திய அலையில் (மீடியம் வேவ்) நிலையங்களுக்கு இடையே 9 கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி, ஒலிக்கு அதில் பாதிதான் கிடைக்கும். 936 கிலோஹெர்ட்ஸில் திருச்சி வானொலியைக் கேட்டு வளர்ந்தவர்கள் நினைவில் வைத்திருக்கும் அந்தக் கம்மிய, கதகதப்பான குரலுக்குக் காரணம் இதுவே.

ஆனால் மத்திய அலைக்கு ஒரு பலம் உண்டு. 936 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் 320 மீட்டர், அது தரையை ஒட்டித் தவழ்ந்து மேடுபள்ளங்களைத் தாண்டிப் போய்விடும். பண்பலையின் அலைநீளம் 3 மீட்டர். ஏரியல் உயரத்திலிருந்து கண்ணுக்கு எதுவரை தெரியுமோ, ஏறக்குறைய அதுவரைதான் அதன் எல்லை. கணக்கு எளிது: ஏரியலின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் எல்லை கிலோமீட்டரில் கிடைக்கும். சமவெளியில் 100 மீட்டர் கோபுரம் என்றால் 41 கிலோமீட்டர். கோடைப் பண்பலை 100.5 மலைமேல் நிற்கிறது. சமவெளியிலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரம் என்று கொண்டால் 184 கிலோமீட்டர். வான்வழியில் 75 கிலோமீட்டர் சொச்சம் தள்ளியிருக்கும் மதுரைக்கு மட்டுமல்லாமல், சிவகங்கை, விருதுநகர், ராமநாதபுரம் வரை அது எட்டுவது இந்த உயரத்தால்தான். சமவெளியில் எவ்வளவு பெரிய டிரான்ஸ்மிட்டரை வைத்தாலும் இந்த வீச்சு வராது.

குறுக்கே மலை நின்றால் கதை வேறு. நாகமலை, சிறுமலை, அழகர்மலை அடிவாரங்களில், கோபுரம் இருக்கும் திசைக்கு மலை முதுகு காட்டினால் ஸ்டேஷன் கரகரக்கும். நகரத்துக்குள் வேறொரு தொல்லை. நேராக வரும் அலையும், கட்டடத்தில் மோதித் திரும்பும் அலையும் ஒரே ஏரியலில் சேர்கின்றன. இரண்டும் எதிரெதிராகச் சேரும் இடத்தில் ஒலி கிழிகிறது. பஸ்ஸில் போகும்போது விட்டு விட்டுக் கேட்பது இதனால்தான். வீட்டில் இதற்குச் செலவில்லாத தீர்வு உண்டு: ரேடியோவை முக்கால் மீட்டர் நகர்த்தி வைத்துப் பாருங்கள். கால் அலைநீளம் அவ்வளவுதான். பல நேரம் அதுவே போதும். அப்படியும் 'உஸ்' என்ற இரைச்சல் இருந்தால் ஸ்டீரியோவை மோனோவாக மாற்றுங்கள். ஸ்டீரியோவுக்கு இன்னும் வலுவான சிக்னல் வேண்டும். மோனோவில் அதே சிக்னல் துல்லியமாகிவிடும்.

மத்திய அலை கேட்பவர்களுக்கு இன்று பெரிய எதிரி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. மலிவான எல்இடி பல்பு, சார்ஜர், இன்வெர்ட்டர் ஆகியவற்றுள் மின்சாரம் நொடிக்குப் பல்லாயிரம் தடவை விட்டு விட்டுப் பாய்கிறது. வடிகட்டும் பாகங்களைக் காசு மிச்சம் பிடிக்க விட்டுவிட்டால், அந்தத் துடிப்பு மத்திய அலை முழுவதும் இரைச்சலாகப் பரவும். கண்டுபிடிக்க ஒரு வழி: பேட்டரி ரேடியோவை ஸ்டேஷன் இல்லாத இடத்தில் நிறுத்தி, மெயின் சுவிட்சை அணையுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் அதையும் சேர்த்து. இரைச்சல் நின்றால் குற்றவாளி உங்கள் வீட்டில்தான். ஒவ்வொரு பல்பாகப் போட்டுப் பார்த்தால் பிடிபடும். நிற்கவில்லை என்றால் பக்கத்து வீடு. அப்போது ரேடியோவைப் படுக்கைவாக்கில் மெல்லத் திருப்புங்கள். உள்ளே ஏரியலாக இருக்கும் ஃபெரைட் கம்பி, தன் முனை நோக்கும் திசையிலிருந்து வருவதை ஏறக்குறைய வாங்காது. அந்த முனை இரைச்சலை நோக்கும்படி வைத்தால் சத்தம் பாதிக்கு மேல் குறையும்.

இனி நேயர்கள். அலை யாரையும் கணக்குக் கேட்பதில்லை. ஒருவர் கேட்டாலும் ஒரு லட்சம் பேர் கேட்டாலும் டிரான்ஸ்மிட்டருக்கு மின்செலவு ஒன்றே. இணையத்தில் ஒவ்வொரு நேயருக்கும் ஒலியைத் தனித்தனியாக அனுப்ப வேண்டும். ஒரு லட்சம் பேருக்கு விநாடிக்கு 640 கோடி பிட்டுகள். நேயருக்கும் செலவு உண்டு: 64 ஆயிரம் பிட் வேகத்தில் மணிக்கு 29 எம்பி, தினம் நான்கு மணி நேரம் கேட்டால் மாதத்துக்கு மூன்றரை ஜிபி. மறுபக்கம், அலையில் கேட்பவர் தானாக எழுதினாலோ கணக்கெடுப்பில் சொன்னாலோதான் அவர் இருப்பதே நிலையத்துக்குத் தெரியும். 1941-இல் தொடங்கி 2017-இல் வானொலி ஒலிபரப்பை நிறுத்திய பிபிசி தமிழோசைக்கும், நம் உள்ளூர் நிலையங்களுக்கும் அஞ்சலட்டைகளும் ஒரு நேயர் கணக்கு. சர்வரோ எந்த நிமிடத்தில் எத்தனை பேர் விலகினார்கள் என்பதுவரை சொல்கிறது. ஆனாலும் அந்தக் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். உசிலம்பட்டியில் கேட்பவரின் மொபைல் இணைப்பு சென்னையில் இருக்கும் நுழைவாயில் வழியே போனால், பட்டியலில் அவர் சென்னைக்காரர் ஆகிவிடுவார். ஒரு கைபேசியைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து கேட்டால் அது ஒருவர். டீக்கடை ரேடியோவைக் கேட்கும் இருபது பேர் கணக்கிலேயே வரமாட்டார்கள். அவர்களைக் கணக்கில் சேர்க்காமல் 'ரேடியோவை யார் கேட்கிறார்கள்' என்று முடிவெடுப்பது அநியாயம்.

டிஆர்எம் என்ற டிஜிட்டல் முறையிலும் அகில இந்திய வானொலி மத்திய அலையில் ஒலிபரப்புகிறது. அலை பழையது, சுமை எண்கள், ஒலி தெளிவு. வாங்கும் ரேடியோ சாதாரண வீடுகளில் இல்லை என்பதே அதன் பெருங்குறை. சிக்னல் குறைந்தால் பழைய ரேடியோ கரகரத்தாவது பேசும். டிஜிட்டல் சட்டென்று மௌனமாகிவிடும்.

பல கைபேசிகளிலேயே பண்பலை வாங்கும் வசதி உண்டு. வைஃபைக்கும் புளூடூத்துக்கும் உள்ள சிப்பிலேயே பண்பலைப் பகுதியும் பல நேரம் சேர்ந்தே வருகிறது. சில தயாரிப்பாளர்கள் அதை இணைக்காமலோ முடக்கியோ விடுகிறார்கள். இருக்கும் வசதியை முடக்காதீர்கள் என்று 2023 ஏப்ரலில் மத்திய மின்னணு அமைச்சகம் கேட்டுக்கொண்டது. சரியான வேண்டுகோள். 2018 நவம்பரில் கஜா புயல் திண்டுக்கல், கொடைக்கானல் வரை மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்தது. மின்சாரம் போனால் மொபைல் டவர்கள் பேட்டரியும் டீசலும் இருக்கும்வரைதான். தொலைவில் ஒரு பண்பலை நிலையம் ஓடிக்கொண்டிருந்தால் எச்சரிக்கை வந்துகொண்டே இருக்கும்.

உங்கள் கைபேசியில் எஃப்எம் செயலி இருந்தும் எதுவும் எடுக்கவில்லையா? வயர் இயர்போனைச் செருகுங்கள். அந்த வயர்தான் ஏரியல், 103.3-க்குத் தேவையான கால் அலைநீளம் 73 சென்டிமீட்டர், சாதாரண இயர்போன் வயர் அதற்கு மேலேயே இருக்கும். புளூடூத் இயர்போனில் வயர் இல்லாததால் அது ஏரியலாகாது. ஸ்பீக்கரில் கேட்டாலும் வயர் செருகியே இருக்க வேண்டும். சுருட்டிப் பையில் வைக்காமல் நீட்டித் தொங்கவிட்டு, ஜன்னல் பக்கம் வந்து ஸ்கேன் செய்து பாருங்கள்.