பொம்மை வேகனுக்குள் இரும்புத் தகடு எதற்கு?

வாசகர் ஒருவர் அமெரிக்க பாக்ஸ்காரின் (நாலு பக்கமும் மூடிய சரக்கு வேகன்) மாடல் கிட் ஒன்றை வாங்கிப் பிரித்திருக்கிறார். உடல், தரை, அடியில் பொருத்த போகிகள் (நாலு சக்கரம் கொண்ட சட்டங்கள்) இரண்டு, ஏணி, வேகன்களை இணைக்கும் கப்ளர் எல்லாம் சரியாக இருக்கின்றன. கூடவே ஒரு மொட்டை இரும்புத் தகடு. "நிஜ வேகன் படத்தில் இப்படி ஒரு பாகமே இல்லையே?" என்று கேட்டிருக்கிறார்.

இல்லைதான். ஆனால் அது இல்லாவிட்டால் வண்டி வளைவில் தடம் புரளும்.

எச்ஓ என்ற அளவில் நிஜத்தின் ஒரு அடி, மாடலில் மூன்றரை மில்லிமீட்டர். அதாவது 87.1-ல் ஒரு பங்கு. நீள அகலங்களுக்கு இந்த வகுத்தல் போதும். மேலே துல்லியம் வேண்டும் என்பவர் முதலில் ஒரு வருடத்தை முடிவு செய்துகொள்வார். 1955 என்றால், வேகனின் அடியில் கே பிரேக் என்ற பழைய வகைக் காற்று பிரேக் இருக்கக்கூடாது. ஒரு கம்பெனியின் வேகன் இன்னொரு கம்பெனியின் தடத்தில் ஓட வேண்டுமானால் கே பிரேக் ஆகாது என்று 1953-லேயே தடை வந்துவிட்டது. அதன் இடத்தில் புதிய வகையான ஏபி பிரேக்கின் சிலிண்டர், காற்றுத் தொட்டி, வால்வு மூன்றும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். கூரைமேல் ஆள் நடக்கும் பலகை இருந்தாக வேண்டும், ஏனென்றால் அது இல்லாத புது வேகன்கள் 1966-லிருந்துதான் வந்தன. கைப்பிடிக் கம்பி நிஜத்தில் 19 மி.மீ. தடிமன், மாடலில் 0.22. மலிவான கிட்டில் இது சுவரோடு ஒட்டிய ஒரு வரப்பாக வார்க்கப்பட்டிருக்கும். கூரான பிளேடால் அதைச் சீவி எறிந்துவிட்டு, மயிரிழைத் துளை போட்டு, வெண்கலக் கம்பியை வளைத்துச் செருகுவார்கள். இவர்களை 'ரிவெட் எண்ணுகிறவர்கள்' என்று கேலி செய்வதுண்டு. நான் அவர்கள் கட்சி.

அந்தக் கட்சியிலும் பலர் சக்கரத்தில் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுவார்கள். வழக்கமான எச்ஓ சக்கரத்தின் அகலம் 2.79 மி.மீ. நிஜ அளவுக்குப் பெருக்கினால் 243 மி.மீ.; உண்மையான சக்கரமோ ஏறக்குறைய 140-தான். தண்டவாளத்தை விட்டு விலகாமல் பிடிக்கும் பிளாஞ்சும் இரண்டு மடங்கு ஆழம். சிறிய உலகத்தில் வண்டி ஓட வேண்டுமானால் இப்படிச் சில இடங்களில் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். எடையிலும் அதே கதைதான், ஆனால் காரணம் இன்னும் சுவாரசியம்.

40 அடி இரும்பு பாக்ஸ்கார் காலியாக 20 டன்னைக் கொஞ்சம் தாண்டும். நீளத்தை 87.1-ல் ஒரு பங்காக்கினால் கன அளவு ஆறரை லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். அளவு மாறினால் எடை எப்படி ஓடும் என்பதை கலிலியோ 1638-லேயே எழுதி வைத்துவிட்டார். கணக்குப்படி மாடல் 31 கிராம் இருக்க வேண்டும். அமெரிக்க மாடல் ரயில்காரர்களின் சங்கமான என்எம்ஆர்ஏ சொல்வது வேறு: ஒரு அவுன்ஸ் (சுமார் 28 கிராம்), அதற்குமேல் நீளத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அரை அவுன்ஸ். நம் வேகன் ஐந்தரை அங்குலம், ஆக 106 கிராம். சரக்கு முழுதாக ஏற்றிய நிஜ வேகனின் எடையை அதே கணக்கில் இறக்கினால் 116 வருகிறது. அதாவது மாடல் உலகில் காலி வேகனும் கிட்டத்தட்ட நிறைந்த வேகனின் எடையோடுதான் ஓடுகிறது.

சரி, எடை வளைவில் என்ன செய்கிறது? தேர் மாடவீதி முனையில் திரும்பும்போது வடம் உள்பக்கமாகச் சாய்வதைப் பார்த்திருப்பீர்கள். இழுபடும் எதுவும் நேர்கோடாகத்தான் பார்க்கும். வேகன் வரிசையும் அப்படியே. முன்னால் இன்ஜின் இழுக்கிறது, பின்னால் மற்ற வேகன்கள் பிடித்து இழுக்கின்றன, நடுவில் மாட்டிய வேகன் வளைவின் உள்பக்கம் தள்ளப்படுகிறது. தள்ளும் விசை எவ்வளவு? இழுவிசையை வேகனின் நீளத்தால் பெருக்கி வளைவின் ஆரத்தால் வகுத்தால் போதும்.

நிஜத்தில் 175 மீட்டர் ஆரம் என்பதே மலைப்பாதைக்கான கடும் வளைவு. கப்ளரோடு 13 மீட்டர் நீள வேகனில் இழுவிசையின் பதின்மூன்றில் ஒரு பங்கு பக்கவாட்டில் திரும்பும். வீட்டு மேஜையில் அவ்வளவு இடம் ஏது? 18 அங்குல ஆரத்தில் தடம் போடுகிறோம், இங்கே மூன்றில் ஒரு பங்கு திரும்புகிறது.

இப்போது 30 வேகன் வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். உருள்வதற்கான தடை எடையில் 2 சதவீதம் என்று வைப்போம். பின்னால் தலைக்கு 106 கிராம் வீதம் 29 வேகன்கள் இருந்தால் முதல் வேகனின் பின் கப்ளரில் சுமார் 61 கிராம் இழுவை, பக்கவாட்டில் 20 கிராம். முதல் வேகனும் 106 கிராம் என்றால் அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்குதான் இது, தாங்கிவிடும். 'துல்லியமான' 31 கிராம் என்றால் மூன்றில் இரண்டு பங்கு! ஒரு தண்டவாள இணைப்பு சரியில்லை என்றால் போதும், உள்பக்கம் கவிழ்ந்துவிடும்.

இங்கேதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. 30 வேகனுமே 31 கிராம் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பக்கவாட்டு விசை 6 கிராம், மறுபடியும் அதே ஐந்தில் ஒரு பங்கு! கனமாக இருப்பதை விட எல்லாம் ஒரே சீராக இருப்பதுதான் வண்டியைக் காப்பாற்றுகிறது. நீளமான வேகன் அதிகம் தள்ளப்படும், அதனால் அதற்கு எடையும் அதிகம் வேண்டும். அங்குலத்துக்கு அரை அவுன்ஸ் என்ற விதிக்குள் இது அடங்கிவிடுகிறது.

அப்படியானால் எல்லாவற்றையும் லேசாகவே வைத்துக்கொள்ளலாமே? முடியாது. கப்ளர் ஸ்பிரிங்குக்கு 87.1 தெரியாது. இணைக்கப் போனால் லேசான வேகன், கப்ளர் பூட்டுவதற்குள் நகர்ந்து ஓடிவிடும். பெரும்பாலான மாடல் போகிகளில் வேலை செய்யும் ஸ்பிரிங்கும் கிடையாது, மேடுபள்ளத்தில் சக்கரம் அந்தரத்தில் நிற்கும். அதனால் ஒரு போகியின் திருகை இடவலம் திரும்ப மட்டும் விட்டு இறுக்குவார்கள், மற்றதைக் கொஞ்சம் தளர்த்தி ஆட விடுவார்கள். மூன்று கால் முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது என்ற அதே வடிவியல்தான், காசு செலவில்லாத வைத்தியம்.

இதெல்லாம் சின்னப் பிள்ளை விளையாட்டு என்பவர்களிடம் எனக்குச் சண்டை உண்டு. 1870-களில் வில்லியம் ஃப்ரூட் என்ற பொறியாளர் இங்கிலாந்தின் டார்க்கீயில் தொட்டி கட்டி மாடல் கப்பல்களை இழுத்துப் பார்த்தபோது பணம் கொடுத்தது பிரிட்டிஷ் கடற்படை. சென்னை ஐஐடியிலும் அப்படி ஒரு தொட்டி இருக்கிறது. நம் பள்ளி ஆய்வகங்களுக்கு ஒரு ரயில் செட்டும் தராசும் வாங்கிக் கொடுத்தால் எத்தனையோ பாடம் நடத்தலாம்.

தகட்டைத் தரையோடு ஒட்டுங்கள், உயரத்தில் வேண்டாம். தகட்டுக்குப் பதில் ஈயக் குண்டைக் கொட்டி வெள்ளைப் பசை ஊற்றுவது ஆபத்து. பசையில் உள்ள அசிட்டிக் அமிலம் ஈயத்தை மெல்ல மெல்ல ஈயக் கார்பனேட் ஆக்கும், அது உப்பி சில வருடத்தில் வேகன் சுவரையே பிளந்துவிடும்.

சிக்கல் வருவது ஃபிளாட் காரில். சுவரும் இல்லை, கூரையும் இல்லை, மெல்லிய பலகைக்குக் கீழே எடையை ஒளிக்க இடமே இல்லை. மரக்கட்டை லோடு ஏற்றி அதற்குள் ஒளிக்கலாம். காலியாகத்தான் ஓட வேண்டும் என்றால் வண்டியின் கடைசியில், கபூஸுக்கு (வால்முனையில் ஓடும் கார்டு வேகன்) முன்னால் மாட்டுங்கள். பின்னால் இழுக்க ஆள் குறைவு. நிஜ ரயில்வேக்களும் நீளமான காலி வேகனைக் கனமான வண்டியின் முன்பகுதியில் மாட்டத் தயங்குவது இதே கணக்கினால்தான்.