கண்டிப்போனதா, கட்டியா?

திருகோணமலை உப்புவெளியில் இருக்கும் என் மாமாவுக்கு இதய வால்வு மாற்றிய நாளிலிருந்து, இரத்தம் உறைந்து கட்டியாகாமல் தடுக்கும் வார்ஃபரின் குளிசை. போன மாதம் கிளினிக்கில் கொடுத்த தாளில், பக்க விளைவுகளுக்குக் கீழே "இரத்தக்கட்டுகள் தோன்றலாம்" என்று இருந்தது. "கட்டி வராமல் இருக்கத்தான் இந்தக் குளிசை எண்டு டொக்டர் சொன்னவர். இதில கட்டி வருமெண்டெல்லோ போட்டிருக்கு, தம்பி?" என்றார். பயத்தில் இரண்டு நாள் குளிசை போடவும் இல்லை.

ஆங்கில மூலத்தில் இருந்த சொல் 'புரூசிங்' (bruising): இடித்த இடத்தில் தோலுக்கடியில் இரத்தம் கசிந்து நீலம் பாரிப்பது. மருத்துவர்கள் இதைக் 'கொன்டியூஷன்' என்பார்கள்; இடித்தல் என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. 'எக்கிமோசிஸ்' கிரேக்கம்: சாறு வெளியே கசிதல். தோலுக்கடியில் இரத்தம் கசிந்து 1 சென்ரிமீற்றருக்கு மேல் படர்ந்தால் அந்தப் பெயர்.

நம்மிடம் இருப்பது கன்றுதல். வெயிலில் முகம் கன்றும், அடிபட்டால் சதை கன்றும். "களவின்கண் கன்றிய காதல்" என்ற குறளில் (284) அதற்கு முதிர்தல் என்று பொருள். நம் ஊர் வாயில் ஒன்று ஒண்டாகும், பன்றி பண்டியாகும், என்று எண்டாகும். அப்படித்தான் கன்றி கண்டியானது. வள்ளத்தின் விளிம்பில் முழங்கால் இடித்தவன் "கண்டிப்போச்சு" என்பான். சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையிலும் 'கண்டல் காயம்' வருகிறது.

'இரத்தக்கட்டு' என்ன பிழை, சனங்கள் "ரத்தம் கட்டிப்போச்சு" என்று சொல்வதில்லையா என்று கேட்பார்கள். சொல்வார்கள்தான், எண்ணெய் பூசும்போது. அங்கே கட்டுதல் வினை. இடித்த இடமும் கண்முன்னே இருக்கிறது. அதையே பெயராக்கி, 'கள்' விகுதியும் ஒட்டி, இரத்தக் குளிசைத் தாளில் போட்டால் வாசிப்பவர் காதில் விழுவது கட்டி. வார்ஃபரின் போடுகிறவருக்கு இரத்தம் எளிதில் உறையாது. அதனால்தான் சும்மா இடித்தாலும் கசிந்து நீலம் பாரிக்கிறது. உறையாததால் வருவதற்கு, உறைந்ததன் பெயரை வைத்திருக்கிறார்கள். இன்னொரு தாளில் 'சிராய்ப்பு' என்று கண்டேன். சிராய்ப்பில் தோல் உரிய வேண்டும் ஐயா! ஊமைக்காயம் அழகான சொல், ஆனால் அது வெளியே தெரியாத அடிக்கு. இது பச்சையும் மஞ்சளுமாக நிறம் மாறி ஊருக்கே காட்டும்.

கண்டல் என்றால் கிண்ணியாப் பக்கம் உப்புத் தண்ணீரில் நிற்கும் மரமும்தானே என்பது நியாயமான தடை. சரி, எழுத்தில் கன்றல் என்றே எழுதுவோம். அதைவிட, எதையும் பெயர்ச்சொல்லாக்கித் 'தோன்றலாம்', 'ஏற்படலாம்' என்று வால் ஒட்டும் மொழிபெயர்ப்பாளர் வியாதியை விட்டால் போதும். "தோல் ஆங்காங்கே கன்றிப்போகலாம்" என்பதில் என்ன குறை?

மாமாவின் தாளில் அந்த வரியைப் பேனையால் வெட்டி, "கண்டிப்போகலாம்" என்று எழுதிக் கொடுத்தேன். வாசித்துவிட்டுத் தன் முன்கையைத் திருப்பிக் காட்டினார். கதவு இடித்ததாம், உள்ளங்கையளவு மஞ்சள். "இதைத்தானே சொல்லியிருக்கினம்?" டொக்டருக்குப் போன் பண்ணி, விட்ட குளிசைக்கு என்ன செய்வதென்று கேட்டுத் தொடர்ந்தார். அடுத்த கிளினிக்கில் புதுத் தாள் கொடுத்தார்கள். அதே இரத்தக்கட்டுகள்.