சொல் விளக்கம்: ரிஃப்ளெக்ஸ் கேமரா

இரண்டு வில்லைகள் (லென்ஸ்கள்) உள்ள ஒருவகைப் பழைய ஃபிலிம் கேமராவுக்கு டி.எல்.ஆர். என்று பெயர்; விரித்தால் ட்வின் லென்ஸ் ரிஃப்ளெக்ஸ். அதில் கடைசி எழுத்து ரிஃப்ளெக்ஸைக் குறிக்கிறது. இதை 'எதிர்வினை' என்று தமிழாக்குவது பிழை. சூடான பாத்திரம் பட்டதும் கை வெடுக்கென்று விலகுகிறதே, அந்த ரிஃப்ளெக்ஸ் வேறு. கேமராவுக்கு ஏது நரம்பு?

லத்தீனில் 'ஃப்ளெக்டெரே' என்றால் வளைத்தல். முன்னால் 'ரி' சேர்ந்தால் பின்னோக்கி வளைத்தல், திருப்புதல். இங்கே திரும்புவது ஒளி. கேமராவின் முகப்பில் மேலும் கீழுமாக இரண்டு வில்லைகள். கீழ்வில்லை ஃபிலிமுக்கு, மேல்வில்லை நம் கண்ணுக்கு. மேல்வில்லை வழியே வரும் ஒளியை 45 பாகை சாய்ந்த கண்ணாடி ஒன்று மேலே திருப்பி, தேய்த்த கண்ணாடித் திரையில் விழவைக்கிறது. கேமராவை வயிற்றோடு வைத்துக் குனிந்து பார்த்தால் காட்சி தலைகீழாக இருக்காது. ஆனால் இடமும் வலமும் மாறியிருக்கும். இடப்பக்கம் போகும் சைக்கிள் திரையில் வலப்பக்கம் ஓடும். அதைப் பிடிக்கக் கேமராவை வலப்பக்கம் திருப்பினீர்களோ, சைக்கிள் காணாமலே போய்விடும்! கை பழகச் சில ஃபிலிம் சுருள்களாவது தண்டம் அழ வேண்டும்.

ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரிலிருந்து 1929இல் வந்த ரோலிஃப்ளெக்ஸ் பேர் வாங்கியது. இக்கோஃப்ளெக்ஸ், ரிக்கோஃப்ளெக்ஸ், மமியாஃப்ளெக்ஸ் என்று மற்ற கேமராக்களின் பெயர்களிலும் அந்த வால் உண்டு. நம் ஊர்க் கல்யாண மண்டப வாசலில் கட்டும் ஃப்ளெக்ஸும் இதே லத்தீன் வேரில் முளைத்ததுதான். அது வளையும் துணி, இது ஒளியை வளைக்கும் கண்ணாடி.

சரி, தமிழில்? தமிழ்நாட்டு இயற்பியல் பாடநூல்களில் 'எதிரொளிப்பு' இருக்கிறது. நரம்பு ரிஃப்ளெக்ஸுக்கு 'அனிச்சைச் செயல்' என்று தனிச்சொல். இலங்கைத் தமிழில் ஒளிக்குத் 'தெறிப்பு', நரம்புக்குத் 'தெறிவினை'; லத்தீனைப் போலவே இரண்டும் ஒரே வேர். எனக்கு அதுதான் அழகாகப் படுகிறது. ஆனால் தமிழ்நாட்டில் தெறிப்பு என்றால் தண்ணீர்தான் நினைவுக்கு வரும்.

லென்ஸுக்கு 'வில்லை' நன்றாகவே பொருந்துகிறது. லத்தீனில் லென்ஸ் என்றால் மைசூர் பருப்பு. அவர்கள் பருப்பைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். நமக்குக் கற்பூர வில்லை.

ஆக, 'இரட்டைவில்லை எதிரொளிப்புக் கேமரா'. எழுதும்போது இப்படி எழுதலாம். பழைய கேமரா விற்பவரிடம் போனால் மட்டும் டி.எல்.ஆர். என்றே கேளுங்கள்.