லண்டனில் வீடு தேடுகிறீர்களா? வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

லண்டனில் வீட்டுக்கடன் ஆலோசகராக வேலை செய்கிறேன். ஈஸ்ட்ஹாம், ஹரோ, டூட்டிங் பக்கத்துத் தமிழர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். சம்பளம் ஒழுங்காக வருகிறது, வாடகை ஒரு மாதம்கூடத் தவறவில்லை, பெரிய கடனும் கிடையாது. ஆனாலும் வங்கி விண்ணப்பத்தைத் திருப்பிவிடுகிறது, அல்லது வாடகை வீடு பிடித்துத் தரும் லெட்டிங் ஏஜென்ட் "ரெஃபரன்ஸ் சரிவரவில்லை" என்கிறார். அவர்களுடைய கடன் வரலாற்றைக் காட்டும் கிரெடிட் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தால், வாக்காளர் பட்டியல் என்ற பகுதி பலருக்கு வெறுமையாகக் கிடக்கிறது.

ஏன் பதியவில்லை என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "நான் இன்னும் பிரிட்டிஷ் சிட்டிசன் ஆகவில்லையே." சிட்டிசன் ஆகத் தேவையில்லை. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், மொரிஷியஸ் எல்லாம் காமன்வெல்த் நாடுகள். அந்த நாட்டுக் குடியுரிமையோடு இங்கே தங்க முறையான விசாவும் இருந்தால் நீங்கள் பதியலாம், நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கவும் செய்யலாம். மாணவர் விசாவும் ஸ்கில்டு வொர்க்கர் விசாவும் இதில் அடங்கும். வந்து நாலைந்து வருடமான பிறகும் இது தெரியாமல் இருக்கிறவர்களைப் பார்க்கும்போது மனது கஷ்டப்படுகிறது. அத்தனை வருட முகவரி வரலாறும் வீணாகப் போயிருக்கும்.

எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று நிறுவனங்கள்தான் இங்கே நம் கடன் வரலாற்றை வைத்திருக்கின்றன. வாக்காளர் பட்டியலின் முழுப் பிரதி சட்டப்படியே அவர்களுக்குப் போகிறது. நாம் எங்கே விண்ணப்பித்தாலும், 'இந்தப் பெயரில் ஒருவர் இந்த முகவரியில் உண்மையிலேயே இருக்கிறாரா' என்பதை அதைக்கொண்டு சரிபார்ப்பார்கள். பெயர் இல்லை என்பதற்காக மட்டும் யாரும் உடனே மறுத்துவிடுவதில்லை. ஆனால் புதிதாக வந்தவரிடம் வேறு வரலாறும் இருக்காது; இதுவும் இல்லையென்றால் ஆளை உறுதிப்படுத்தக் கையில் எதுவுமே இல்லாமல் போகிறது.

வாடகை வீட்டுக்கும் இதே கதைதான். வாடகைக்கு வருபவரைப் பற்றி விசாரித்துச் சொல்லும் ரெஃபரன்ஸ் நிறுவனங்கள் பெரும்பாலும் கடந்த மூன்று வருட முகவரிகளைக் கேட்கும். நீங்கள் சொன்னதும் கிரெடிட் ரிப்போர்ட்டில் இருப்பதும் பொருந்துகிறதா என்று பார்க்கும். முன்பெல்லாம் வரலாறு இல்லாதவர்கள் ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கட்டிச் சமாளித்தார்கள். இங்கிலாந்தில் அந்த வழியை 2025 அக்டோபரில் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டம் அடைத்துவிட்டது. 2026 மே 1 முதல் புதிய ஒப்பந்தங்களுக்கு ஒரு மாத வாடகைக்கு மேல் முன்கூட்டி வாங்கக் கூடாது. வாடகைக்கு இருப்பவர்களுக்கு நல்ல சட்டம்தான், எனக்கு அதில் சந்தேகமில்லை. ஆனால் பணத்தைக் காட்டி நம்பிக்கை வாங்க முடியாது என்றாகிவிட்டதால், காகிதத்தில் நீங்கள் யார் என்பது முன்னைவிட முக்கியமாகிவிட்டது.

பதிந்தவர்களுக்கும் வேறொரு சிக்கல் வருகிறது, அது நம் பெயர். அண்மையில் ஒரு தம்பதியின் ரிப்போர்ட்டைப் பார்த்தேன். கணவரின் வங்கிக் கணக்கில் அவருடைய பெயர் முதலில், அப்பா பெயர் பின்னால். வாக்காளர் பட்டியலில் இரண்டும் இடம் மாறியிருந்தன. மனைவிக்குக் கடவுச்சீட்டில் அப்பா பெயர், கிரெடிட் கார்டில் கணவர் பெயர். போதாததற்கு முகவரியும் வாக்காளர் பட்டியலில் 'பிளாட் 1, 45' என்றும் வங்கியில் '45ஏ' என்றும் இருந்தது. மனிதர் பார்த்தால் ஒரே குடும்பம், ஒரே வீடு என்று உடனே புரியும். கம்ப்யூட்டருக்கு அவர்கள் வேறு ஆட்கள். உள்ளூர் நிர்வாகமான கவுன்சிலின் தேர்தல் பிரிவுக்கு எழுதிப் பெயரைத் திருத்தினோம், வங்கியில் முகவரியை மாற்றினோம். இதைக் கடன் தகவல் நிறுவனத்திடம் போய்த் திருத்தச் சொல்லிப் பயனில்லை. அவர்கள் கவுன்சில் தருவதைத்தான் பதிவு செய்கிறார்கள். கடவுச்சீட்டு, வங்கி, என்ஐ நம்பர் (தேசியக் காப்பீட்டு எண்), வாக்காளர் பட்டியல் நான்கிலும் பெயர் ஒரே எழுத்தில், ஒரே வரிசையில் இருக்கட்டும்.

'வீட்டில் அப்பா பார்த்துக்கொள்வார்' என்று இருப்பவர்களும் கவனிக்க வேண்டும். 2014க்கு முன்னால் குடும்பத் தலைவர் ஒரே படிவத்தில் எல்லோரையும் எழுதினார். இப்போது ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பதிய வேண்டும். அரசின் இணையதளத்தில் ஐந்து நிமிட வேலை, என்ஐ நம்பரை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வீடு மாறினால் மறுபடி பதிய வேண்டும், பழைய பதிவு கூடவே வராது. பதிந்தது ரிப்போர்ட்டில் ஏற ஒரு மாதமோ கொஞ்சம் கூடவோ ஆகும். இலையுதிர் காலத்தில் கவுன்சில்கள் வருடாந்தரக் கணக்கெடுப்பில் இருப்பதால், டிசம்பர் 1இல் புதிய பட்டியல் வரும்வரை தாமதமாகலாம். ஜனவரியில் வீடு வாங்க நினைப்பவர் டிசம்பரில் பதிந்தால் நேரம் இடிக்கும்.

பட்டியலில் பெயர் எழுதவே பயப்படுகிற பெரியவர்களும் இருக்கிறார்கள். 1983 ஜூலையில் கொழும்பில் வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு கலவரக்காரர்கள் தமிழர் வீடுகளைத் தேடி வந்தார்கள். அதைக் கண்டவர்களிடம் 'பயப்படாதீர்கள்' என்று சும்மா சொல்லிவிட முடியாது. அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: யாரும் விலைக்கு வாங்கக்கூடிய திறந்த பட்டியல் என்று ஒன்று தனியாக இருக்கிறது. படிவத்தில் ஒரு கட்டத்தைத் தொட்டு அதிலிருந்து விலகிவிடலாம், கிரெடிட்டுக்கு அதனால் ஒரு பாதிப்பும் இல்லை. பாதுகாப்புக்கு உண்மையான ஆபத்து இருந்தால் பெயர் வெளியே தெரியாமல் பதியவும் வழி உண்டு. யாருக்கு வாக்களித்தீர்கள் என்பது பட்டியலிலோ ரிப்போர்ட்டிலோ பதிவாகாது. ஒரே முகவரியில் இருப்பதாலேயே அறைத்தோழரின் கடன் உங்கள் மேல் ஒட்டாது. கூட்டுக் கணக்கோ கூட்டுக் கடனோ எடுத்தால்தான் ஒட்டும்.

"இந்த முகவரியில் பதிய வேண்டாம்" என்று வீட்டுக்காரரே சொல்லுவதும் நடக்கிறது. தனியாக இருப்பவருக்கான 25 சதவீத கவுன்சில் வரிச் சலுகையை அவர் எடுத்துக்கொண்டிருக்கலாம், அனுமதியில்லாமல் அறைகளைப் பிரித்து விட்டிருக்கலாம். அது அவர் பிரச்சினை. நீங்கள் குடியிருக்கிற முகவரியில் பதிய அவர் சம்மதம் தேவையே இல்லை. அப்படிச் சொல்கிறவர் வீட்டில் தொடர்ந்து இருப்பதா என்பதையும் யோசியுங்கள்.

நார்வே, சுவிஸ் கடவுச்சீட்டோடு வந்த நம்மவர்கள் இங்கிலாந்தில் பதிய முடியாது. பிரான்ஸ், ஜெர்மனிக் குடியுரிமை உள்ளவர்கள் 2020 முடிவதற்குள் வந்து அன்றிலிருந்து சட்டப்படி தங்கியிருந்தால் பதியலாம். தகுதி இல்லாதவர் கிரெடிட்டுக்காகப் பொய் சொல்லிப் பதிவது குற்றம், அதைச் செய்யவே வேண்டாம். முகவரிக்கான ஆதாரங்களை மூன்று நிறுவனங்களுக்கும் தனித்தனியாக அனுப்பி, 'வாக்களிக்கத் தகுதி இல்லை, இந்த முகவரியில் வசிப்பது உறுதி செய்யப்பட்டது' என்று ரிப்போர்ட்டில் ஒரு குறிப்புச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது.