அந்த வாயருகே குழந்தையைத் தூக்கிப் பிடிக்காதீர்கள்

கடலூரில் குழந்தைகள் நல மருத்துவராக இருக்கிறேன். கோடை விடுமுறையில் பொருட்காட்சி போட்டால், அடுத்த வாரம் வயிற்றுப்போக்கும் சளியுமாகக் குழந்தைகள் வருவது வழக்கம். அசைந்து உறுமும் டைனோசர் பொம்மைகளின் காட்சி வந்த ஆண்டில் தூக்கம் கெட்ட குழந்தைகளும் வந்தார்கள்.

அவர்களில் ஒருவன் மூன்று வயதுப் பையன். அம்மாவின் தோளைவிட்டு இறங்கவே இல்லை. பக்கத்து அறையில் மருந்தைப் புகைபோலாக்கி மூச்சில் கொடுக்கும் நெபுலைசர் இயந்திரம் ஓடத் தொடங்கியதும் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு, அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். “நான்கு நாளாகப் படுக்கையை நனைக்கிறான் டாக்டர். விளக்கை அணைத்தால் அலறுகிறான்” என்றார் அம்மா. அப்பா கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். டைனோசரின் திறந்த வாய்க்குப் பக்கத்தில் பையனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். குழந்தையின் உடல் வில்லாக வளைந்திருக்கிறது. கால்விரல்கள் உள்ளுக்கு மடங்கியிருக்கின்றன. “ஆண்பிள்ளை, பயம் தெளியட்டும் என்று நினைத்தேன்” என்றார். மகன் மேல் உயிரையே வைத்திருப்பவர்தான். ஆனால் பயம் அப்படித் தெளியாது. பிடித்திருந்த கை அப்பாவுடையது என்பதுதான் அந்தக் குழந்தைக்குக் கூடுதல் கலக்கம்.

நாம் பார்ப்பது இரும்புச் சட்டம், பஞ்சு, ரப்பர் தோல், உள்ளே மோட்டார். மூன்று வயதில் அசைவதெல்லாம் உயிருள்ளதுதான். “சும்மா பொம்மை” என்று நாம் சொல்லும் நேரத்தில் அது கண்ணைச் சிமிட்டி, மூச்சுவிட்டு, கழுத்தைத் திருப்புகிறது. குழந்தை எதை நம்பும்? இவற்றில் பலவற்றில் ஆள் நெருங்குவதை அறியும் உணர்கருவி இருக்கிறது. பக்கத்தில் போனதும்தான் அசைந்து உறுமும். தயங்கித் தயங்கி ஓரடி எடுத்துவைத்த குழந்தைக்கு, தன்னைப் பார்த்துத்தான் பாய்கிறது என்று தோன்றுவதில் வியப்பில்லை.

சத்தத்தைப் பற்றிப் பெற்றோர் கேட்பதே இல்லை; எனக்கு அதுதான் பெரிய கவலை. 85 டெசிபெல் சத்தத்தில் பெரியவர்கள் வேலை செய்ய 8 மணி நேரம் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் வரம்பு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லில் 15 நிமிடம்தான். தகரக் கொட்டகைக்குள் ஒலி சுவரில் பட்டுத் திரும்பும். தோளில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் காது பல நேரம் ஒலிபெருக்கியின் உயரத்திலேயே இருக்கிறது. கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் வெளியே வந்துவிடுங்கள். கைக்குழந்தைக்கு இந்தக் காட்சி தேவையே இல்லை.

போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. முன்தினமே படம் காட்டி, “உள்ளே மோட்டார் இருக்கிறது, அதுதான் தலையை ஆட்டுகிறது” என்று சொல்லிவையுங்கள். திறந்தவுடன், கூட்டம் சேருமுன் போங்கள். தூரத்தில் நின்று, மற்றவர்கள் நெருங்கும்போது டைனோசர் அசைவதைக் குழந்தை பார்க்கட்டும். பிறகு பின்பக்கமாக அழைத்துப்போய் மின்கம்பியைக் காட்டுங்கள். நெருங்குவதா வேண்டாமா என்பதை அவன் காலே முடிவு செய்யட்டும். பாதியில் திரும்பினால் டிக்கெட் பணம்தான் போகும். “சாப்பிடாவிட்டால் டைனோசர் வந்துவிடும்” என்று வீட்டில் மிரட்டுபவர்களிடம் எனக்கு மெய்யான கோபம் உண்டு. இன்னொன்று: வாசலில் விற்கும் மின்னும் பொம்மைகளில் பொத்தான் பேட்டரி இருக்கலாம். விழுங்கியது உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே புண்ணாக்கிவிடும். விழுங்கியிருப்பானோ என்ற சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்கவைக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

ஏற்கெனவே பயந்துவிட்ட குழந்தையைக் கேலி செய்யாதீர்கள். சில இரவுகள் பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள், சிறிய விளக்கு எரியட்டும். அவனே டைனோசர் விளையாட்டு விளையாடினால் தடுக்காதீர்கள். பயத்தைக் குழந்தைகள் கரைப்பது அப்படித்தான். மூன்று நான்கு வாரம் கடந்தும் தூக்கமோ சாப்பாடோ சீராகவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

“இப்போது அது எங்கே இருக்கிறது?” என்று குழந்தை கேட்கும். உண்மையைச் சொல்லுங்கள். பெரிய டைனோசர்களெல்லாம் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டன. அவற்றின் வழிவந்த பறவைகள் நம்மோடு இருக்கின்றன. அந்த உறுமல்கூட மனிதர்கள் கற்பனையில் செய்து சேர்த்த ஒலி. எலும்பில் குரல் பதிவாகவில்லை. பழங்காலத்து எச்சங்களைப் பார்க்க ஆசைப்படும் சின்னக் குழந்தைக்கு நான் சொல்லும் இடம் திருவக்கரை. புதுச்சேரிக்குப் பக்கத்தில், கல்லாகிப்போன மரங்கள் படுத்துக்கிடக்கின்றன. சுமார் 2 கோடி ஆண்டுப் பழமை, டைனோசர்களுக்கு வெகுகாலம் பிந்தியவை. அங்கே எதுவும் பாய்வதில்லை.

அந்தப் பையன் வீட்டில் கோழி வளர்க்கிறார்கள். அதன் காலில் இருக்கும் செதிலைத் தினமும் காட்டச் சொன்னேன். ஒன்றரை மாதம் கழித்துத் தடுப்பூசிக்கு வந்தபோது தானாகவே நாற்காலியில் ஏறி உட்கார்ந்தான். “எங்கள் கோழி டைனோசருக்குச் சொந்தக்காரி” என்றான். பிறகு ஊசியைப் பார்த்து அழுதான்.