நஷ்டத்துக்கு எத்தனை மாற்றுப்பெயர்கள்

குன்னூரில் கணக்குத் தணிக்கை செய்து பிழைக்கிறவன் நான். தேயிலை ஏலம் முடிந்ததும் தரகர்கள் வெளியிடும் சந்தை அறிக்கையை வாரந்தோறும் வாசித்தாக வேண்டும். போன மழைக்காலத்தில் ஒரு சிறு விவசாயி அந்த அறிக்கையை நான்காக மடித்து எடுத்துவந்தார்.

"ஆடிட்டர் சார், 'ஈஸியர்' என்று போட்டிருக்கிறதே. ஈஸி என்றால் நமக்கு நல்லதுதானே?"

ஏல மொழியில் அதற்கு விலை இறங்கிவிட்டது என்று பொருள். 'ஃபர்ம்' என்றால் விலை அப்படியே நிற்கிறது. 'அவுட்லாட்' என்றால் விலைபோகாமல் திரும்பிய சரக்கு. விளக்கிச் சொன்னேன். "இறங்கிவிட்டது என்று எழுதினால் மை தீர்ந்துவிடுமா?" என்று கேட்டுவிட்டு எழுந்துபோனார்.

பத்திரிகைகளுக்குப் பிடித்த சொல் 'சரிவு'. மலையில் இருப்பவர்களுக்குச் சரிவு என்றால் தேயிலை நிற்கிற நிலம். இல்லையென்றால் மழைக்குப் பர்லியாறு சாலையில் வந்து விழுகிற மண். மண் விழுந்தால் யாரைக் குற்றம் சொல்வது? பங்குச் சந்தைக்கும் அதே சொல்லைப் போட்டுவிட்டால், வாங்கச் சொன்னவர்கள் எல்லாரும் மழைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம்.

பங்கு விலை இறங்குவதற்குச் சொல்லும் 'திருத்தம்' (கரெக்‌ஷன்) அதைவிட மோசம். 2020 மார்ச் 23 அன்று சென்செக்ஸ் ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்தது. 10 சதவீதத்தைத் தொட்டவுடன் வர்த்தகத்தையே 45 நிமிடம் நிறுத்திவைத்தார்கள். அதற்கும் "சின்னக் கரெக்‌ஷன்தான்" என்று வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. திருத்துகிறார்கள் என்றால் முந்தைய விலை தப்பு என்றுதானே ஆகிறது? அந்தத் தப்பு விலைக்கு நம் தலையில் கட்டியது யார்? 5 லட்சம் ரூபாய் 20 சதவீதம் இறங்கினால் 4 லட்சம். அது பழைய இடத்துக்கு வர 25 சதவீதம் ஏற வேண்டும். இந்தக் கணக்கைச் செய்தி அனுப்பியவர் சொல்வதில்லை.

"விற்றால்தான் சார் நஷ்டம்" என்பார்கள். வரிச் சட்டமும் விற்றதைத்தான் கணக்கில் எடுக்கும். (பறித்த பச்சைத் தேயிலைக்கு இந்தச் சலுகை இல்லை. என்ன விலையானாலும் அன்றே தொழிற்சாலைக்குப் போயாக வேண்டும்.) ஆனால் விற்று நஷ்டப்பட்டவர்களும் வாய்திறப்பதில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், பங்கில் போன பணம் மகனுக்குத் தெரிந்துவிடும் என்று என்னிடமும் மறைத்துவிட்டார். பங்கு விற்ற நஷ்டத்தை உரிய தேதிக்குள் தாக்கல் செய்யும் வருமான வரிப் படிவத்தில் காட்டினால், 8 ஆண்டுகள் வரை பின்னால் வரும் மூலதன ஆதாயத்தில் (பங்கு, சொத்து விற்ற லாபத்தில்) விதிப்படி கழிக்கலாம். அவர் சொன்னபோது தேதி கடந்துவிட்டது. மறு ஆண்டு கிடைத்த லாபத்துக்கு முழு வரி கட்டினார். பங்கில் விட்டது ஒரு நஷ்டம், கூச்சத்தில் விட்டது இன்னொன்று.

தொழில் திட்டங்களின் கதையும் இதுதான். கிடப்பில் இருக்கிறது, ஆறப்போட்டிருக்கிறோம், மறுபரிசீலனையில் இருக்கிறது என்பார்கள். 'கைவிட்டோம்' என்ற சொல்லை என் அலுவலகத்தில் நான் கேட்டதே இல்லை. 2021-22 முதல் கம்பெனிகள் தங்கள் இருப்புநிலைக் குறிப்பில், முடியாமல் கிடக்கும் கட்டுமானத்தை ஓராண்டுக்குள், ஒன்று முதல் இரண்டு, இரண்டு முதல் மூன்று, மூன்றுக்கு மேல் என்று வயது பிரித்துக் காட்ட வேண்டும். 'தற்காலிகமாக நிறுத்தப்பட்டவை' என்று தனி வரிசையும் உண்டு. நல்ல விதி. ஆனால் 'தற்காலிகமாக' என்ற சொல்லை அதிலும் விட்டுவைத்திருக்கிறார்கள்.

அந்த வரிசையில் வருகிற ஒரு விடுதியைப் பார்க்கக் கோத்தகிரிப் பக்கம் போயிருந்தேன். ஒன்பது தூண்கள். உச்சியில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளில் துரு இறங்கி, சிமென்ட்டில் காவிக் கோடுகள் விழுந்திருந்தன. ஒரு தூணின் வெடிப்பில் பெரணி முளைத்திருந்தது.

"அடுத்த சீசனுக்குள் ஆரம்பித்துவிடுவோம் சார்" என்றார் விடுதியின் உரிமையாளரான பெரியவர்.

"எந்த வருஷத்துச் சீசன் அண்ணா?"

அவர் பதில் சொல்லவில்லை. தூண்களுக்கு நடுவே பாத்தி கட்டி முட்டைக்கோஸ் போட்டிருந்தார்கள். குனிந்து ஒன்றை அறுத்து, மண்ணைத் தட்டி, என்னிடம் நீட்டினார்.