பிரசவ அறையில் எந்த விளக்கு, எப்போது?

நோ ராத்திரியில்தான் கூடும் என்று வயதான பெண்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது வெறும் பேச்சல்ல. தானாகத் தொடங்கும் பிரசவ நோ பகலைவிட இரவிலும் விடியற்காலையிலுமே அதிகம் தொடங்குகிறது. இருட்டிய பிறகு மூளையிலுள்ள பீனியல் சுரப்பி, இரவு ஹோர்மோனான மெலடோனினைச் சுரக்கும். நள்ளிரவு தாண்டி 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் அது உச்சத்தில் இருக்கும். கருப்பைத் தசையில் இதற்கான ஏற்பிகள் உண்டு. மெலடோனினும், கருப்பையைச் சுருங்கவைக்கும் ஹோர்மோனான ஒட்சிடோசினும் சேரும்போது அந்தத் தசைக் கலங்கள் இன்னும் பலமாகச் சுருங்குவதை 2009இல் வெளியான ஆய்வுகூட ஆய்வொன்று காட்டியது.

கண்ணில் படும் வெளிச்சம்தான் இதைக் குழப்புகிறது. விழித்திரையில் சில கலங்கள் 480 நானோமீற்றர் அளவிலான நீல ஒளியை உணர்ந்து, 'இன்னும் பகல்தான்' என்று மூளைக்குச் சொல்லிவிடும். அதற்குக் கண் கூசுகிற வெளிச்சம் தேவையில்லை. இரவில் 200 லக்ஸுக்குக் குறைந்த சாதாரண அறை வெளிச்சமே மெலடோனினைக் குறைக்கப் போதும். நம் ஆஸ்பத்திரி விடுதிகளில் பெரும்பாலும் எரிவது 6500 கெல்வின் (ஒளியின் நிற அளவு) வெள்ளை டியூப் லைட். நீலம் கூடிய ஒளி அது.

இன்னொரு பக்கம் பயம். தலைக்கு மேல் பளிச்சென்று எரியும் விளக்கின் கீழ், நாலு பேர் பார்வையில் படுத்திருக்கும் தாய்க்கு, பயத்தில் சுரக்கும் அதிரினலின் ஏறும். அதிரினலின் கருப்பைச் சுருக்கத்தைத் தளர்த்தக்கூடியது.

இதை வைத்துக்கொண்டு, விளக்கை அணைத்தால் பிரசவம் இத்தனை மணித்தியாலம் முந்தும் என்று யாராவது கணக்குச் சொன்னால் நம்ப வேண்டாம். பிள்ளையின் தலை இருக்கும் நிலை, இடுப்பின் அளவு, சுருக்கங்களின் பலம் ஆகியவற்றின் முன் விளக்கின் பங்கு சிறியதுதான். பகல் 11 மணிக்குத் திரையை இழுத்து மூடினாலும் மெலடோனின் சுரக்கப்போவதில்லை. பகலில் மங்கலாக்குவது அமைதிக்கும் மறைப்புக்கும் மட்டுமே. ஆனால் இரவில் மங்கலாக்கச் செலவில்லை, செய்யும் நேரம் தெரிந்தால் ஆபத்துமில்லை.

கூடுதல் தொல்லை கட்டிலுக்கு நேர் மேலுள்ள டியூப் லைட்டால்தான். தாய் மல்லாந்து படுத்தால் அது நேரே கண்ணில் விழும். இடப்பக்கம் சரிந்து படுத்தால் வெளிச்சம் முகத்தை விட்டு விலகும். பெருநாளத்தில் கருப்பையின் பாரம் அழுத்துவதும் குறைவதால் பிள்ளைக்குப் போகும் இரத்தமும் சீராகும். நடக்க முடிந்தவர் நடக்கட்டும். விடுதிக்கே ஒரு சுவிச்தான் என்றால் எல்லோருக்கும் அணைக்க முடியாது. அப்போது ஒரு கருப்புத் துணிக் கண்மறைப்பைப் பையில் எடுத்து வருவது நல்லது. மூடிய இமை நீல ஒளியில் பெரும்பகுதியைத் தடுக்கும், மிச்சத்தைத் துணி தடுக்கும். தாயின் கையிலோ பக்கத்தில் நிற்பவர் கையிலோ ஒளிரும் போனையும் மறக்க வேண்டாம். அறை விளக்கை அணைத்துவிட்டு முகத்துக்கு நேரே போன் பார்ப்பதில் பயன் கொஞ்சம்தான்.

தனி அறையானால் 2700 கெல்வின் மஞ்சள் எல்ஈடி பல்ப் ஒன்றைத் தாயின் கண் மட்டத்துக்குக் கீழே, சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தால் போதும். கிழக்கே கடலைப் பார்த்த ஜன்னல்களில் காலை 6 மணிக்கே வெயில் நேரே அடிக்கும். அதற்கு மெல்லிய திரை வேண்டும். இருட்டுக்காகத் தடித்த துணியைத் தொங்கவிட்டுக் காற்றை அடைத்துவிடக் கூடாது. நம் வெக்கையில் தாய் வேர்த்துக் களைத்துப்போவாள், அது இன்னும் மோசம்.

இனி மங்கல் கூடவே கூடாத இடங்கள். பன்னீர்க்குடம் உடைந்ததும் நீரின் நிறத்தை வெள்ளை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பிள்ளை உள்ளே மலம் கழித்திருந்தால் நீர் பச்சையாக இருக்கும். மஞ்சள் பல்ப்பில் அந்தப் பச்சை வெறும் மங்கல் மஞ்சளாகத்தான் தெரியும். உள்பரிசோதனை, ஊசி மருந்தின் அளவைப் படிப்பது, தலை வெளிவருவது, கிழிவு பார்த்துத் தையல் போடுவது எல்லாவற்றுக்கும் வளைகழுத்துப் பரிசோதனை விளக்குத் தேவை. அதைத் தாயின் முகத்துக்கல்ல, வேலை நடக்கும் இடத்துக்குத் திருப்ப வேண்டும். இதற்காக முழு அறையையும் எரியவிட வேண்டியதில்லை. பிறந்த பிள்ளை அழவில்லையென்றால் முதல் 1 நிமிடத்துக்குள் மூச்சுக் கொடுக்கத் தொடங்க வேண்டும், சுவிச் தேட அதில் நேரமில்லை. ஆகவே பிள்ளையை வைக்கும் மேசையின் விளக்கு, தாய் தள்ளத் தொடங்கும்போதே எரிந்துகொண்டிருக்கட்டும்.

இரத்தப்போக்கைக் கண்ணால் மதிப்பிட்டால் நல்ல வெளிச்சத்திலேயே கணக்கு உள்ளதைவிடக் குறைவாகத்தான் வரும். மங்கலில், அதுவும் கடும் நிறத் துணியில், 500 மில்லிலீற்றர் போனாலும் தெரியாது. வெள்ளை விரிப்பும் அளவுகோடிட்ட பையும் இதற்குத்தான். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் வரையுள்ள இடைவெளிக்கு, சார்ஜ் ஏற்றிய டோர்ச் ஒன்று மேசையிலேயே இருக்க வேண்டும், பூட்டிய அலுமாரியில் அல்ல. ஒட்சிசன் உள்ள இடத்தில் மெழுகுதிரியும் குப்பி விளக்கும் வேண்டவே வேண்டாம்.

பிள்ளை பிறந்து முதல் 1 மணித்தியாலம், தோலோடு தோல் சேர்த்துப் பாலூட்டும் நேரத்தில், மேல் விளக்கை மறுபடி அணைக்கலாம். பிள்ளையும் கூச்சமில்லாமல் கண் திறக்கும். ஆனால் பிள்ளையின் மூக்கும் வாயும் மறையாமல் இருப்பதும் உதட்டின் நிறமும் தெரிகிற அளவு வெளிச்சம் இருக்க வேண்டும். கறுத்த பிள்ளையென்றால் நாக்கையும் முரசையும் பாருங்கள். முதல் 2 மணித்தியாலம் 15 நிமிடத்துக்கு ஒரு தடவை வெள்ளை டோர்ச்சை அடித்துத் தாய் வைத்திருக்கும் இரத்தம் உறிஞ்சும் துணியைப் பார்ப்பதும், கருப்பை கட்டியாக இருக்கிறதா என்று வயிற்றில் கைவைத்துப் பார்ப்பதும் தவறக் கூடாது. தாய் களைத்துத் தூங்கிவிட்டாலும்தான்.